மூன்று மில்லிமீற்றர்

வேட்டைத் துவக்கு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மரப்பிடியின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். கையில் தூக்கிப் பாரம் பார்க்கிறார்கள், தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிக் கடைச் சுவரைக் குறி பார்க்கிறார்கள். தோட்டாவைக் கடையில் வாங்குகிறவருக்கு அது போதும். தானே செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது துவக்குக்குள் தோட்டாக்களை அடுக்கும் மகசீன் பெட்டியின் உள் நீளம். ஒரு தோட்டாவின் நீளம், குண்டைப் பித்தளைக் கோதுக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் அதிகம் இறக்குவதில்லை. அதனால் என் தோட்டா கடைத் தோட்டாவை விட நீளம். எண்பத்தெட்டு மில்லிமீற்றர். என் றைபிளுக்கு அந்த நீளத்தில்தான் குறி தப்பாது. அதன் மகசீன் பெட்டியும் நீளமானது, நாலு தோட்டாவைச் சுகமாகக் கொள்ளும். எல்லாத் துவக்கிலும் பெட்டி அப்படி இருப்பதில்லை.

தமிழிலேயே எழுதலாம், நிலாணி என்கிற மொழிபெயர்ப்பாளர் பிள்ளை ஆங்கிலத்தில் மாற்றித் தருவா என்று சொன்னீர்கள். நன்றி. மூன்று வாரத்துக்கு முன் நான் உங்களிடம் தந்த வாக்குமூலத்தில், மகேஸ்வரன் அண்ணையை மூஸ் மான் முட்டிக் கொன்றபோது நான் பயத்தில் உறைந்து போயிருந்தேன் என்று இருக்கிறது. அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் இன்று நானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

என் பெயர் பத்மநாதன். வயது ஐம்பத்தைந்து. வோபர்னில் வீடு. இருபத்துநாலு வருடமாக ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். நாள் முழுவதும் கையில் வேர்னியர் இருக்கும். அளப்பேன், சரியானதை ஒரு பக்கம் போடுவேன், பிழையானதை மறுபக்கம் போடுவேன். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. வீட்டிலும் நான் அதிகம் பேசுவதில்லை. புத்தகம் வாசிப்பேன். நிலக்கீழ் அறையில் ஒரு மேசை இருக்கிறது, அதில்தான் தோட்டா செய்வேன். மனைவி யோகராணி கீழே வருவதில்லை, வெடிமருந்து மணம் அவவுக்குப் பிடிக்காது.

மகேஸ்வரன் அண்ணை என் சொந்த அண்ணன் இல்லை. என் அண்ணன் வினோதனும் அவரும் திருகோணமலையில் ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள். அவர் முதலே கனடாவுக்கு வந்துவிட்டார். வினோதன் அண்ணா வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம் இராணுவத்தினர் அவரை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு செய்தி இல்லை. ஆறு மாதம் கழித்து என்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் மகேஸ்வரன் அண்ணை. டோர்செட் பார்க்கில் அவருடைய அபார்ட்மென்டில், அவருடைய வரவேற்பறையில், மூன்று வருடம் இருந்தேன். கோணேஸ்வரி அக்கா எனக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டித் தருவா. இதெல்லாம் உண்மை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

என் கஷ்டம் ஒரு கதை. அதை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, வீடு குடிபுகுதல், எங்கே நாலு கதிரை போட்டாலும் அண்ணை அதைச் சொல்வார்.

“தொண்ணூற்றொண்டு ஜனவரி. எயார்போட்டிலை நிக்கிறன். இவன் வாறான், காலிலை பாட்டாச் செருப்பு. ஏத்திக்கொண்டு ஃபோர் ஓ வண் ஹைவேயிலை வாறன். பக்கத்திலை ஸ்நோ வழிக்கிற லொறி, நீல லைற் சுத்தச் சுத்த வருது. திரும்பிப் பாக்கிறன், சீற்றிலை ஆளில்லை. எங்கையடா போனான் எண்டு பாத்தா, கீழை, காலடியிலை, கோழிக்குஞ்சு மாதிரிச் சுருண்டு கிடக்கிறான். ‘அண்ணை ஆமி, அண்ணை ஆமி’ எண்டுறான். அதோடை விட்டானோ. என்ரை காரெண்டால் வாங்கி ரெண்டு மாசம், துணிச் சீற்று.”

இந்த இடத்தில் நிறுத்துவார். சனம் விளங்கிக்கொள்ள ஒரு கணம் கொடுப்பார். பிறகு சிரிப்பு எழும்பும். சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அண்ணை என் தோளில் கையைப் போட்டு, “இண்டைக்குப் பாருங்கோ, வோபர்னிலை சொந்த வீடு, பிள்ளை பார்மசிஸ்ட்” என்று முடிப்பார். அந்தக் கையில் உண்மையான அன்பு இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

சில விஷயங்களை அவர் கதையில் சேர்ப்பதில்லை. அன்று காரை ஓரமாக நிறுத்தி, தன் கால்சட்டையைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, தான் உள்ளே போட்டிருந்த குளிர் உடுப்போடு வீடு வரைக்கும் ஓட்டினார். “பயப்பிடாதை, ஒண்டுமில்லை, பயப்பிடாதை” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அது கதையில் வராது. லொறியைக் கண்டு நான் ஏன் கீழே இறங்கினேன், அந்த லொறியில் யார் இருப்பதாக நினைத்தேன் என்பதும் வராது. வினோதன் அண்ணாவின் பெயரே வராது.

முதல் சில வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன். பிறகு அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. நான் கோபக்காரன் இல்லை. கோபம் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். இது களைப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன் வேலைத்தலத்தில் ஒருவர் என்னை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிருகத்தைவிட எனக்குப் பிடித்தது, அங்கே யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது. அடுத்த வருடமே அண்ணையை லைசென்ஸ் எடுக்க வைத்தேன். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். காரணம் எளிது. காட்டில் அவர் பேசமாட்டார். அவர் ஒரு மரத்தடியில், நான் ஒரு பாறையில். பாறை ஈரமாக இருக்கும் என்பதால் நான் எப்போதும் ரப்பர் பாயொன்றை விரித்துத்தான் இருப்பேன். ஆறு மணித்தியாலம் இருந்தாலும் ஒரு பொட்டு நனையாது. எட்டு ஐப்பசி மாதங்கள் அப்படிப் போயின. அந்த எட்டிலும்தான் நான் அவரை மனமார நேசித்தேன் என்று சொல்லலாம். திரும்பி வருகிற வழியில், பரி சவுண்டைத் தாண்டும்போது, அவர் மறுபடி பேசத் தொடங்குவார்.

ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், நாலு வருடத்துக்கு முன்.

“அண்ணை, அந்த லொறிக் கதையை இனி விடுவமே.”

“ஏன்ரா?”

“இல்லை, சும்மா.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த கிழமை ஒரு பிறந்தநாளில் கதைக்குப் புதிய வால் முளைத்திருந்தது. “இப்ப இவனுக்கு வெக்கமாம், சொல்லவேண்டாமாம்.” அன்றைக்குச் சிரிப்பு வழக்கத்தைவிடக் கூட.

இந்த வருடம் சித்திரையில் என் மகள் அட்சயாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுலக்சன், நல்ல பிள்ளை. கார்த்திகைக்கு மண்டபம் எடுத்தோம், நானூறு பேர். வைகாசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அட்சயா சொன்னாள்.

“அப்பா, ரிசெப்ஷன்ல மகேஸ் பெரியப்பா ஸ்பீச் குடுக்கட்டும். ஐ ஆல்ரெடி ஆஸ்க்ட் ஹிம்.”

“என்னத்தைப் பற்றி?”

“யூ நோ, ஸ்நோபிளவ் ஸ்டோரி. சுலக்சன்ட ஃபமிலில ஒருத்தரும் கேட்கேல்ல. இட்ஸ் ஸோ ஃபன்னி, அப்பா. அதுதானே எங்கட ஒரிஜின் ஸ்டோரி.”

நான் யோகராணியைப் பார்த்தேன். “சிரிச்சுப்போட்டுப் போகட்டுமன். உங்களுக்கென்ன குறைஞ்சு போச்சு” என்று அவ சோற்றைப் பிசைந்தா.

நான் கை கழுவிவிட்டு நிலக்கீழ் அறைக்குப் போனேன். அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினேன்.

ஆனி மாதத்தில் அண்ணை ஓய்வு பெற்றார். அதுவரை என் பழைய துவக்கைத்தான் வேட்டைக்குக் கொண்டு வருவார். “எனக்கெண்டு ஒரு துவக்கு வேணுமடா, நீதான் எடுத்துத் தரவேணும்” என்றார். எங்கள் ஆட்களில் இது வழக்கம். வீடு வாங்க ஒருவர், கார் வாங்க ஒருவர், கணக்கு வழக்கு எழுத ஒருவர். ‘தெரிஞ்ச ஆள்’ என்று ஒருவரைப் பிடித்துவிட்டால் பிறகு கேள்வி கேட்கமாட்டார்கள். துவக்குக்குத் தெரிந்த ஆள் நான்.

ஒஷாவாவில் ஒரு துவக்குக் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். மெலிசா என்ற பெண் இரண்டு றைபிள்களை மேசையில் வைத்தா. இரண்டுக்கும் ஒரே தோட்டாதான் போகும். அவ என்ன சொன்னா என்று உங்களிடம் இதற்குள் சொல்லியிருப்பா, அவவுக்கு நல்ல ஞாபகம். நீங்களே தோட்டா செய்கிறீர்களா, என்ன நீளம் என்று கேட்டா. சொன்னேன். அப்படியென்றால் இடப்பக்கம் இருக்கிறதை எடுங்கள், வலப்பக்கத்தின் பெட்டி எண்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது, உங்கள் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத்தான் சுடவேண்டி வரும் என்றா. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற பெண்.

அண்ணை அப்போது சற்றுத் தள்ளி நின்று போனில் அக்காவுக்கு வலப்பக்கத்து றைபிளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கோணேஸ், இஞ்சை பார், மரம் என்ன வடிவு.”

“என்னத்துக்கு எனக்குக் காட்டுறியள்? உதிலை நான் உடுப்புக் கொடியோ கட்டப் போறன்?”

போனை வைத்துவிட்டு வந்து, “என்னவாம்?” என்று கேட்டார்.

“ரெண்டும் நல்லதாம் அண்ணை. உங்களுக்குப் பிடிச்சதை எடுங்கோ.”

வலப்பக்கத்தை எடுத்தார். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு எண்ணமும் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டேன். நான் வாழ்நாளில் சொல்லாமல் விட்ட வசனங்கள் ஏராளம்.

ஆடியில் அவருக்கு இருபது தோட்டா செய்து கொடுத்தேன். எண்பத்தெட்டு மில்லிமீற்றர். குழாய்க்குள் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அவருடைய துவக்கை வாங்கி நானே பார்த்தேன். அவருடைய முகத்துக்கு நேரே ஏதும் வெடித்துவிடக்கூடாது. நான் அப்படியான ஆள் இல்லை. அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தந்தவருக்கு முன்னால் திறந்து பார்ப்பது எங்களிடம் மரியாதைக் குறைவு. சுடும் பழக்கத் திடலில் வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

“டேய் பத்தன், உது பெட்டிக்குள்ளை இறங்குதில்லையடா.”

“ஒவ்வொண்டாப் போட்டுச் சுடுங்கோ அண்ணை. உங்கடை கைக்கு ஒண்டு காணும்.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு, “எனக்கு ஒண்டு காணும்” என்று ஆட்களிடம் சொல்லித் திரிந்தார். குண்டை அழுத்தி இறக்கும் பிரெஸ்ஸில் ஒரு திருகைச் சிறிது திருப்பினால் குண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே இறங்கும். இருபது தோட்டாவுக்கும் அரை மணித்தியால வேலை. ஆடி, ஆவணி, புரட்டாதி. ஒவ்வொரு பின்னேரமும் அந்த மேசையில் இருந்தேன். அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஐப்பசியில் வடக்கே போகும் வழியில் ஒரு சிறு ஊர்க் கடையில் கோப்பிக்கு நின்றோம். அங்கே வேட்டைச் சாமானும் விற்பார்கள். அண்ணை ஒரு கடைத் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கட்டை போலை கிடக்கு. நாலும் உள்ளுக்குப் போகும். அவசரத்துக்கு ஒரு பெட்டி வைச்சிருப்பமே?”

“என்ரை சரியில்லையோ அண்ணை?”

அவ்வளவுதான் நான் சொன்னது. அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். வைத்ததோடு நிற்காமல், மற்றப் பெட்டிகளோடு வரிசையாக நேர் செய்தும் வைத்தார்.

“சீ, என்ன கதை கதைக்கிறாய். நீ செய்தது கிடக்க எனக்குக் கடைச்சாமான் என்னத்துக்கு?”

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடையில் வைத்துத்தான், நான் செய்துகொண்டிருப்பது என்னவென்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. நீங்கள் ஒரு நேரம் குறிக்க வேண்டுமென்றால் அதைக் குறியுங்கள்.

மறுநாள் காலை எட்டரை மணி. நல்ல வெயில். அண்ணை கீழே சதுப்பு ஓரம், ஒரு பேர்ச் மரத்தடியில். நான் மேலே பாறையில், பாயை விரித்து இருந்தேன். எங்களுக்கிடையில் நாற்பத்தாறு மீற்றர் என்று நீங்கள் அளந்தீர்கள். பெண் மூஸ் கத்துவது போல் கையைக் குவித்துக் கூப்பிட்டது நான். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது ஆண் வந்தது. இணைதேடும் காலத்து ஆண். தோளளவே ஒரு ஆள் உயரம் இருக்கும், கொம்பு வேறு.

அண்ணை சுட்டார். பட்டது. ஆனால் சற்றுப் பின்னால் பட்டது. மிருகம் முன்னங்காலில் விழுந்து மறுபடி எழும்பியது. பழைய துவக்காக இருந்திருந்தால் போல்ட்டை இழுத்துத் தள்ள அடுத்த தோட்டா தானாக ஏறியிருக்கும். அவர் போல்ட்டை இழுத்துவிட்டு, கையுறையோடு சட்டைப் பைக்குள் கையை விட்டார். எடுத்தார். விழுந்துவிட்டது. குனிந்து சருகுக்குள் தேடினார். மிருகம் அவரைப் பார்த்துவிட்டது.

அவர் ஓடவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

“டேய் பத்தன்.”

பிறகு, அந்தக் காரில் பேசிய அதே குரலில், “பயப்பிடாதை. ஒண்டுமில்லை. பயப்பிடாமல் சுடு” என்றார்.

அதற்குமேல் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

மூஸ் போன பிறகு எவ்வளவு நேரம் பாறையில் இருந்தேன் என்று கேட்டீர்கள். தெரியாது. காடு மிகவும் அமைதியாக இருந்தது. பிறகு இறங்கிப் போனேன். அவர் தேடிய தோட்டா அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

முதல்நாள் நீங்கள் என்ன நடந்தது என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் உங்களோடு வந்த அதிகாரி, நீங்கள் உறைந்து போயிருப்பீர்கள், யாருக்கும் நடக்கும் என்றார். நான் தலையாட்டினேன். இலகுவாக இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். யாரும் மகசீன் பெட்டியை அளந்திருக்கமாட்டார்கள். நான் போனில் சொல்லாமல் விட்டிருந்தால் மெலிசாவிடம் நீங்கள் போயிருக்கவே மாட்டீர்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன். பார்லரில் முந்நூறு பேர் இருக்கும். கோணேஸ்வரி அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. “நீ என்ன தம்பி செய்வாய். உன்ரை சுபாவம் அப்பிடி. அவருக்கும் தெரியும்” என்றா. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நாலைந்து பேர் சிகரெட்டோடு நின்றார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். நான் காருக்குப் பின்னால் நிற்பதை அவர்கள் காணவில்லை.

“ஸ்நோ லொறிக்கே அந்தப் பாடு எண்டா, மூஸ் லொறியளவு வருமேயடாப்பா.”

“டேய், செத்தவீடு. மெல்லக் கதை.”

“நான் என்ன பொய்யே சொல்லுறன்? மனுசன் கடைசியிலை ஆரை நம்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கு எண்டு பார்.”

மெல்லத்தான் சிரித்தார்கள்.

கலியாணத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். போன ஞாயிறு அண்ணையின் மகன் கீதன் வீட்டுக்கு வந்தான். என்னைக் கட்டிப் பிடித்து, “அங்கிள், இட்ஸ் ஓகே. யூ ஃப்ரோஸ். எனிபடி வுட். நான் உங்களில கோவமில்லை” என்றான். பிறகு சொன்னான், கலியாணத்தில் அப்பா பேச இருந்த பேச்சைத் தான் பேசப் போவதாக. லொறியில் தொடங்கிக் காட்டில் முடிப்பானாம். பயந்த ஒருவரை இரண்டு தரம் தைரியப்படுத்திய ஒரு மனிதரின் கதையாம். “பயப்பிடாதை எண்டு அப்பா கடைசியாச் சொன்னதை நீங்கள்தானே அங்கிள் சொன்னீங்கள். ஐ வாண்ட் டு எண்ட் வித் தட்” என்றான். அட்சயா பக்கத்தில் இருந்து அழுதாள். நல்ல பேச்சாக இருக்கும் என்றாள்.

அந்த ஞாயிறுதான் உங்களுக்குப் போன் எடுக்க முடிவெடுத்தேன்.

ஆகவே, நிலாணி, இதைக் கவனமாக மாற்றி எழுதுங்கள் பிள்ளை. துவக்கைத் தெரிந்தேதான் எடுக்க வைத்தேன். தோட்டாவைத் தெரிந்தேதான் நீளமாகச் செய்தேன். கடையில் அவர் எடுத்த பெட்டியைத் திரும்ப வைக்கப் பண்ணியது நான். மிருகத்தைக் கூப்பிட்டது நான். அது அவரிடம் போய்ச் சேரும் வரை அதன் தோள் என் குறிக்கண்ணாடியின் நடுவில் இருந்தது. என் துவக்கில் நாலு தோட்டா இருந்தது. நாலும் சரியான நீளம். நான் சுடவில்லை. பயத்தால் அல்ல. நான் பயப்படவில்லை. மகேஸ்வரன் அண்ணையை நான் கொன்றேன். அட்சயாவுக்கும் கீதனுக்கும் இதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். அந்த நாலைந்து பேருக்கும் எப்படியாவது தெரியவரும்.

கடைசியாக ஒரு திருத்தம். அம்புலன்ஸ்காரர்களின் அறிக்கையில் என் கால்சட்டை நனைந்திருந்தது என்று ஒரு வரி இருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். நான் இருந்தது பாசி பிடித்த பாறை. வெயில் ஏற உறைபனி உருகும். அதில் யார் இருந்தாலும் நனையும். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.